பஞ்சசீலத்தை வைத்து அன்றாடம் வாழ்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பௌர்ணமிதோறும் சிலர் கூடிப் பாலி மொழியில் உள்ள பௌத்த நூல்களைத் தமிழில் படிக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் நிர்வாணம், மறுபிறப்பு பற்றி அதிகம் கேட்பதில்லை. கொசு, கோழிக்கறி, லஞ்சம், ஆபீஸ் பொய் இவற்றைப் பற்றித்தான் கேட்கிறார்கள், அதுவும் ஒரே மாதிரி. அப்படித் திரும்பத் திரும்ப வந்தவற்றை அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் கீழே போட்டிருக்கிறேன். நூலில் இருப்பது எது, என் கருத்து எது என்று முடிந்தவரை பிரித்தே சொல்லியிருக்கிறேன்.

பஞ்சசீலம்னா என்ன? பத்துக் கட்டளை மாதிரியா?

உயிரைக் கொல்லாமல் இருப்பது, கொடுக்காததை எடுக்காமல் இருப்பது, தவறான காமத்தில் இறங்காமல் இருப்பது, பொய் பேசாமல் இருப்பது, மதியை மயக்கும் குடியையும் போதையையும் தொடாமல் இருப்பது. குடும்பத்தில் இருப்பவருக்கு இந்த ஐந்துதான். மேலேயிருந்து யாரும் உத்தரவு போட்டதில்லை, மீறினால் தண்டிக்க ஒருவர் காத்திருக்கவும் இல்லை. இந்தப் பயிற்சியை ஏற்கிறேன் என்று அவரவர் தம் வாயால் சொல்லி எடுத்துக்கொள்வது.

நமக்கு இன்னொரு நல்ல பட்டியல் மணிமேகலையில் இருக்கிறது. கொலை, களவு, காமத் தீவிழைவு என்று உடம்பில் தோன்றுவது மூன்று. பொய், குறளை, கடுஞ்சொல், பயனில் சொல் என்று சொல்லில் தோன்றுவது நான்கு. வெஃகல், வெகுளல், பொல்லாக் காட்சி என்று உள்ளத்தில் தோன்றுவது மூன்று. குறளை என்றால் கோள் சொல்வது, வெஃகல் என்றால் அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்படுவது, பொல்லாக் காட்சி என்றால் தவறான பார்வை. தினசரி வாழ்க்கைக்கு இதுதான் அதிகம் உதவும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நம்மில் பலர் கொலையும் களவும் செய்யாமல் நாளை ஓட்டிவிடுகிறோம், அந்த நடுவில் இருக்கும் நான்கில்தான் விழுந்து விழுந்து எழுகிறோம்.

இதுக்கு நான் பௌத்தரா மாறணுமா? வீட்டுல சாமி கும்பிடறோமே?

சீலத்தைப் பழக மாற வேண்டியதில்லை. நாலந்தாவில் உபாலி என்ற செல்வந்தர் புத்தரோடு வாதம் செய்ய வந்து, மனம் மாறி, உங்கள் அடியாராகிறேன் என்றார். அவர் அதுவரை நிகண்டர்களின், அதாவது சமணர்களின் அடியார். நன்றாக யோசித்து முடிவு செய் என்றுதான் புத்தர் முதலில் சொன்னார். இத்தனை நாள் உன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த நிகண்டத் துறவிகளுக்குச் சோறு போடுவதை நிறுத்திவிடாதே என்றும் சொன்னார்.

அம்பேத்கர் வழியில் தீட்சை எடுப்பது வேறு. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அவர் கொடுத்த 22 உறுதிமொழிகளில் பழைய தெய்வங்களை வணங்கமாட்டேன், சிராத்தம் செய்யமாட்டேன் என்பதும் உண்டு. சாதியிலிருந்து முழுசாக வெளியே வரும் முடிவு அது. அந்தத் தீட்சையை எடுப்பவர் 22-ஐயும் தெரிந்தேதான் எடுக்க வேண்டும், பாதியை விட்டுவிட்டு எடுப்பது சரியில்லை.

அஞ்சும் ஒரேயடியா முடியாது. ஒண்ணு ரெண்டு மட்டும் எடுத்துக்கலாமா?

எடுத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் காக்கும் இல்லறத்தாரைப் பற்றி அபிதர்மகோசம் என்ற பழைய பௌத்தத் தத்துவ நூலிலேயே பேச்சு இருக்கிறது. எது சுலபமோ அதை எடுப்பதைவிட, எதனால் உங்கள் வீட்டில் இப்போது அதிகம் அழுகை வருகிறதோ அதை எடுங்கள்.

கொசு அடிச்சா பாவமா?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். கொலை என்று ஆக ஐந்து வேண்டும் என்று உரைநூல்கள் சொல்கின்றன: அங்கே ஓர் உயிர் இருக்க வேண்டும், அது உயிர் என்று தெரிந்திருக்க வேண்டும், கொல்லும் எண்ணம் வேண்டும், அதற்கான முயற்சி வேண்டும், அதனால் அது சாக வேண்டும். நடக்கும்போது காலடியில் எறும்பு நசுங்கினால் எண்ணம் இல்லை, ஆகவே சீலம் உடையவில்லை. கொசுவைக் குறிபார்த்து அடித்தால் ஐந்தும் இருக்கிறது. சீலம் அங்கே உடைகிறதுதான், பூசி மெழுக வேண்டாம். அதற்காக மனிதனைக் கொன்றதும் கொசுவைக் கொன்றதும் ஒன்று என்று யாரும் சொல்லவில்லை, உயிரின் அளவையும் எண்ணத்தின் வேகத்தையும் வைத்துக் கனம் மாறும் என்று அதே உரைகள் சொல்கின்றன.

டெங்கு வரும் ஊரில் இதை வைத்து என்ன செய்வது? டெங்குக் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும், முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவி மூடி வைப்பது, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டை இழுத்துக் கொட்டுவது (அதை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?), மொட்டைமாடியில் கிடக்கும் சிரட்டையையும் டயரையும் அப்புறப்படுத்துவது, ஜன்னலுக்கு வலை. புழுவும் உயிர்தானே என்பீர்கள். ஆமாம், அதனால்தான் தண்ணீரே தேங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் மருந்து அடிக்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால் அடியுங்கள், ஆனால் இது ஒன்றுமில்லை என்று மனதை மரக்கவைத்துக்கொண்டு அடிக்காதீர்கள்.

கறி சாப்பிடலாமா? புத்தரே சாப்பிட்டாராமே?

பிக்குகளுக்கான, அதாவது பௌத்தத் துறவிகளுக்கான விதி ஜீவக சூத்திரத்தில் இருக்கிறது. தனக்காகக் கொல்லப்பட்டது என்று பார்த்தாலோ, கேட்டாலோ, சந்தேகப்பட்டாலோ அந்த இறைச்சியை ஏற்கக்கூடாது, இல்லையென்றால் ஏற்கலாம். பிக்குகள் எல்லாரும் கண்டிப்பாகச் சைவம்தான் என்று விதி போடச் சொல்லித் தேவதத்தன் என்ற பிக்கு கேட்டபோது புத்தர் மறுத்துவிட்டார். பிற்காலத்தில் சீனம், வியட்நாம் மடங்களில் முழுச் சைவம் வழக்கமானது. ஆக, பௌத்தத்தில் இரண்டு மரபும் உண்டு.

ஆனால் அந்த விதி பிச்சைப் பாத்திரத்தில் விழுந்ததை உண்பவருக்கானது, காசு கொடுத்து வாங்கும் நமக்கு அப்படியே பொருந்தாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிராய்லர் கடையில் என்ன நடக்கிறது? கூண்டுக்குள் கைநீட்டி, அந்த வெள்ளைக் கோழியை எடுங்க என்கிறோம், அவர் காலைப் பிடித்துத் தூக்கித் தராசில் வைக்கிறார், ரெண்டு கிலோ இருக்கு போதுமா என்கிறார், நாம் தலையாட்டிய பிறகுதான் அறுக்கிறார். பார்த்தது, கேட்டது, சந்தேகம் மூன்றும் அங்கே இருக்கிறது, கொல்லச் சொன்னவர்களும் நாமே. சாப்பிடுவதை விட முடியாதவர்கள் குறைந்தபட்சம் இதை விடலாம் என்பது என் கருத்து.

இன்னொன்று. பௌத்தத்தைக் காட்டி அடுத்தவர் தட்டைக் கேவலமாகப் பேசாதீர்கள், மாட்டுக்கறி உட்பட. அது கடுஞ்சொல் கணக்கில் வரும், இந்த ஊரில் அதற்குள் சாதியும் சேர்ந்து வரும்.

தினமும் ஆபீஸ்ல சின்னச் சின்னப் பொய் இல்லாம பிழைக்க முடியுமா?

முயன்று பார்த்தால் முடிகிறது. 'சார் மீட்டிங்ல இருக்கார்' என்பதற்குப் பதில் 'சாரால இப்ப பேச முடியாது, நாலு மணிக்குக் கூப்பிடச் சொல்றேன்' என்றால் போதும், யாரும் சண்டைக்கு வருவதில்லை. வேலை முடியாதபோது 'முடிஞ்சுடுச்சு, அனுப்பிடறேன்' என்பதுதான் ஆபத்து, ஏனென்றால் அதைக் காப்பாற்ற மறுநாள் இன்னொரு பொய் வேண்டும். சொல்ல விருப்பமில்லாததைச் சொல்லாமல் விடலாம், மௌனம் பொய் ஆகாது. ஆனால் எதிராளி தவறாக நம்ப வேண்டும் என்றே மௌனமாக இருந்தால் அதுவும் பொய்க்குப் பக்கத்தில் போய்விடும்.

உள்ளதைத்தானே சொன்னேன், அதுல என்ன தப்பு?

உண்மையாக இருப்பது ஐந்தில் ஒன்று. சரியான நேரத்தில், உண்மையாக, மென்மையாக, பயனுள்ளதாக, அன்புள்ள மனதோடு சொல்ல வேண்டும் என்று புத்தர் பேச்சுகளின் தொகுப்புகளில் (நிகாயங்களில்) ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் வருகிறது. கல்யாண வீட்டில் பத்துப் பேர் முன்னால் 'வேலை போயிடுச்சாமே' என்று கேட்பது உண்மைதான், மற்ற நான்கும் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே தள்ளிவிடுவதில் பல நேரம் அந்த ஒன்றுகூட இருப்பதில்லை.

பாட்டிக்கு கேன்சர். அவங்ககிட்ட சொல்லாம வெச்சிருக்கோம். இது பொய்யா?

முந்தைய பதிலில் சொன்ன நேரமும் மென்மையும் இங்கேதான் வேண்டும். எல்லா ரிப்போர்ட்டையும் முதல் நாளே படித்துக் காட்ட வேண்டும் என்று எந்தச் சீலமும் சொல்லவில்லை. 'டாக்டர் சொல்றதெல்லாம் உங்களுக்கும் தெரியணுமா பாட்டி, இல்ல நாங்க பார்த்துக்கட்டுமா?' என்று கேட்டுவிடுங்கள். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் விட்டால் அது அவர் எடுத்த முடிவு.

ஆனால் அவராகவே, எனக்கு என்னடா என்று கேட்கும்போது வெறும் வாயுத் தொல்லை என்று சொல்லாதீர்கள். நிறைய வயதானவர்களுக்கு வீட்டார் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடுகிறது, அப்புறம் தெரியாத மாதிரி நடிக்கும் வேலையும் அவர்கள் தலையில் விழுகிறது. நகையை யாருக்குக் கொடுப்பது, எந்த மகளைப் பார்த்துப் பேச வேண்டும் என்று அவருக்கு முடிக்க வேண்டியது இருக்கும். அந்த நாட்களை நாம் எடுத்துக்கொண்டால் கொடுக்காததை எடுத்த மாதிரிதான் எனக்குப் படுகிறது.

லஞ்சம் குடுக்காம பட்டா மாத்த முடியல. குடுத்தா சீலம் போயிடுமா?

இரண்டு வகை இருக்கிறது. உங்களுக்கு உரிமை இல்லாததை வாங்கவோ அடுத்தவரை முந்தவோ கொடுத்தால் அது களவில் பங்கு, அதில் சந்தேகமே இல்லை. உங்கள் உரிமையான காகிதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கறந்தால், கொடுக்காததை எடுப்பவர் லஞ்சம் வாங்குபவர்தான். கொடுப்பவர் மேல் பழி குறைவு, ஆனால் அடுத்து வரும் ஏழைக்கும் அதே விலையை நிர்ணயித்துவிட்டுப் போகிறோம்.

2018-இல் திருத்திய ஊழல் தடுப்புச் சட்டப்படி கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் விலக்கு உண்டு. அதற்கு முன்னால், மனு எந்த நிலையில் இருக்கிறது, யார் மேசையில் இருக்கிறது என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு கடிதம் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். எல்லா இடத்திலும் வேலை செய்யும் என்று சொல்லமாட்டேன். இதைச் செய்யாமலே வேறு வழியில்லை என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

டாஸ்மாக்ல வேலை பார்க்கறேன். விட்டுடணுமா?

ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதை, நஞ்சு ஆகிய ஐந்து வணிகமும் உபாசகருக்கு, அதாவது இல்லறத்தில் இருக்கும் பௌத்தருக்கு ஆகாது என்று நூல் நேராகவே சொல்கிறது. அதை நான் இளக்க முடியாது. 2003-லிருந்து தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை முழுக்க அந்த நிறுவனத்தின் கையில் இருக்கிறது, கடையில் நிற்பவர் சம்பளத்துக்கு நிற்கிறார். முடிவெடுத்தவர்களும் வருமானம் பார்ப்பவர்களும் வாங்கிக் குடிப்பவர்களும் இருக்க, பாவத்தை எல்லாம் அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

வேறு வேலைக்கு வழி தேடிக்கொண்டே இருங்கள், கிடைத்த அன்றே விடுங்கள், அதுவரை பிள்ளைகளைப் பட்டினி போடாதீர்கள். பூச்சிமருந்துக் கடைக்காரர், மீனவர் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். மீன்பிடிப்பதைப் பற்றி நூல்கள் கடுமையாகவே பேசுகின்றன, ஆனால் அந்த மீனை வாங்கிக் குழம்பு வைப்பவருக்கு மீனவரிடம் சீலம் பேசும் தகுதி இல்லை.

வாரத்துக்கு ஒரு பீர்?

குறைவாகக் குடி என்று ஐந்தாவது சீலத்தில் இல்லை, தொடாதே என்றுதான் இருக்கிறது. மற்ற நான்கையும் காப்பது தெளிவான புத்திதான் என்பதால்தான் அது. முழுசாக விட முடியவில்லை என்றால் அந்தச் சீலத்தை இன்னும் எடுக்கவில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு மற்றதைப் பழகுங்கள்.

மூணாவது சீலப்படி காதல் கல்யாணம் தப்பா?

தப்பில்லை. மணமான துணைக்குத் துரோகம், சம்மதமில்லாத நெருக்கம், ஏமாற்றிப் பழகுவது, சிறுவயதுப் பிள்ளையிடம் போவது, இவைதான் அது தடுப்பவை. பெற்றோர் காவலில் உள்ள பெண்ணை அணுகக்கூடாது என்றும் பழைய பட்டியலில் இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு வந்து மகளின் காதலுக்குக் குறுக்கே நிற்பவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் பெண் யாருடைய பொறுப்பில் இருந்தாளோ அவர்களைக் கேட்டார்கள், இன்று வயது வந்த பெண் தன் பொறுப்பில் இருக்கிறாள், ஆக அவளைத்தான் கேட்க வேண்டும் என்று நான் படிக்கிறேன்.

சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காக வெட்டுகிறார்களே, அங்கே உடைவது முதல் சீலம். பிறப்பால் யாரும் இழிந்தவன் ஆவதில்லை, செயலால்தான் ஆகிறான் என்று புத்தர் ஓர் அந்தணரிடம் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

வீட்டு வேலைக்கு வர்ற அக்காவை நல்லாத்தான் வெச்சிருக்கோம். இதுல சீலம் எங்க வருது?

சிகாலன் என்ற இளைஞனுக்குப் புத்தர் சொன்னதில் இது தனியாகவே வருகிறது. வேலை செய்பவருக்கு வீட்டார் செய்ய வேண்டியது ஐந்து: பலத்துக்கு ஏற்ற வேலை, சாப்பாடும் கூலியும், நோய் வந்தால் கவனிப்பு, வீட்டில் விசேஷமாகச் செய்ததில் பங்கு, நேரம் பார்த்து விடுப்பு. காய்ச்சல் என்று வராத நாளுக்குச் சம்பளம் பிடிக்கிறோமா? தீபாவளிப் பலகாரத்தில் உடைந்ததையும் மீந்ததையும் கட்டிக் கொடுக்கிறோமா, இல்லை முதல் தட்டிலிருந்தா?

டம்ளரையும் பாருங்கள். நன்றாக நடத்துகிறோம் என்று சொல்லும் பல வீடுகளில் சிங்க்குக்குக் கீழே அவருக்கென்று ஒரு பழைய டம்ளர் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும். காப்பி தினமும் தவறாமல் கொடுப்பார்கள், அந்த டம்ளரில்தான் கொடுப்பார்கள். அதை எடுத்துவிட்டு நீங்கள் குடிக்கும் டம்ளரில் கொடுங்கள், அவர் உட்கார்ந்து குடிக்கட்டும். மாமியார் முகம் சுளித்தால் பேசிப் புரியவையுங்கள், அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பல வருடம் இது அப்படியே போகிறது.

கோபமே படக்கூடாதுன்னா அநியாயத்தைப் பார்த்துட்டு சும்மா இருக்கணுமா?

சும்மா இருக்கச் சொல்லவில்லை. அதே நேரம், எனக்குக் கோபமே வராது என்று நினைத்துக்கொள்வதிலும் பெருமையில்லை. புத்தர் சொன்ன கதை ஒன்று: சாவத்தி நகரில் வேதேகிகா என்ற அம்மாள் இருந்தாள், சாந்தமானவள் என்று ஊரெல்லாம் பேர். அவள் வீட்டுப் பணிப்பெண் காளி, இந்த அம்மாவுக்குக் கோபம் இல்லையா, இல்லை நம் வேலை சுத்தமாக இருப்பதால் வெளியே வரவில்லையா என்று பார்க்க ஒருநாள் விடிந்து வெகுநேரம் கழித்து எழுந்தாள். அம்மாளின் முகம் மாறியது. இன்னொரு நாள் இன்னும் தாமதம், வாய் கிழியத் திட்டினாள். அடுத்த முறை தாழ்ப்பாள் கட்டையை எடுத்து மண்டையை உடைத்துவிட்டாள், காளி ரத்தத்தோடு தெருவில் நின்று சாந்தமானவளின் வேலையைப் பாருங்கள் என்றாள். மேலே கேட்ட வீட்டு வேலைக் கேள்வியோடு சேர்த்து இதைப் படியுங்கள்.

அநியாயத்துக்கு எதிராக நிற்பதற்கு வெறுப்பு தேவையில்லை. 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களைத் தொடவிடாத சவதார் குளத்தில் தண்ணீர் எடுத்துக் குடிக்க அம்பேத்கர் அந்த மக்களைக் கூட்டிப் போனார், அப்போது அவர் பௌத்தரும் இல்லை. அதற்காக அவர்கள் தாக்கப்பட்டபோது திருப்பி அடிக்காமல் தம் ஆட்களைத் தடுத்து வைத்தார், வழக்கையும் பல வருடம் விடாமல் நடத்தினார். புகார் கொடுப்பது, சாட்சி சொல்வது, வழக்கு நடத்துவது எல்லாம் சீலத்துக்கு உட்பட்டதே.

இலங்கையில புத்தர் பேரைச் சொல்லித்தானே தமிழங்களைக் கொன்னாங்க? பிக்குகளே போர் வேணும்னாங்களே?

ஆமாம், சொன்னார்கள். 2004 தேர்தலில் பிக்குகளையே நிறுத்திய ஒரு கட்சி 9 இடம் பிடித்து நாடாளுமன்றம் போனது, போரை நடத்தச் சொன்னது. அதன் வேர் பழையது. தமிழ் மன்னன் எல்லாளனை வென்ற சிங்கள மன்னன் துட்டகாமணி இத்தனை பேரைக் கொன்றேனே என்று கலங்கியபோது, நீ கொன்றது ஒன்றரை மனிதரைத்தான், மற்றவர்கள் விலங்குக்குச் சமம் என்று அரகந்தர்களே, அதாவது ஞானம் பெற்ற துறவிகளே வந்து தேற்றியதாக இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் எழுதியிருக்கிறது. கொசுக் கேள்வியில் சொன்ன ஐந்தையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இது சீலத்துக்கு நேர் எதிர்.

புத்தர் சொன்னதாக நிகாயத்தில் இருப்பது வேறு. போரில் செத்தால் சொர்க்கம் என்று எங்கள் முன்னோர் சொல்கிறார்களே என்று ஒரு போர்வீரர் தலைவன் கேட்டான். கேட்காதே என்று புத்தர் இருமுறை தடுத்தார், மூன்றாம் முறையும் கேட்கவே, இவர்கள் சாகட்டும் என்ற மனதோடு போரிடுபவனுக்கு நரகம்தான், சொர்க்கம் என்று நம்புவது பொய்யான காட்சி என்றார். உறவுகளை இழந்தவர்களிடம் போய், அது உண்மையான பௌத்தம் இல்லை என்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அவர்கள் சொல்வதை முழுசாகக் கேளுங்கள்.

எங்க நாய்க்குத் தீராத நோய், வலியில துடிக்குது. ஊசி போட்டுடலாமா?

எண்ணம் கருணையாக இருந்தாலும் சாக வேண்டும் என்ற எண்ணமும் கூடவே இருக்கிறது, ஆகவே அந்த ஐந்தின்படி அது கொலைதான் என்று பல பௌத்தர்கள் சொல்வார்கள். வேறு சிலர் வலியை நீட்டுவதுதான் கொடுமை என்பார்கள். இரு பக்கத்திலும் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள்.

முதலில் வலிக்கு மருந்து கொடுத்துப் பார்த்தோமா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள், பல வீடுகளில் அதைச் செய்யாமலே ஊசிக்குப் போய்விடுகிறார்கள். அப்புறம் உங்களையே கேளுங்கள்: தாங்க முடியாதது அதற்கா, அதைப் பார்க்கிற நமக்கா? இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகும் ஊசிதான் என்று வந்தால், அது உங்கள் முடிவு, டாக்டர் மேல் போடாதீர்கள்.

சீலம் எடுத்துட்டு உடைச்சுட்டேன். மறுபடி எடுத்துக்க முடியுமா?

மறுநாள் காலையிலேயே எடுத்துக்கொள்ளலாம், பிக்கு இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. செய்ததை நினைத்து வருந்திக்கொண்டே இருப்பதால் செய்தது செய்யாததாக ஆகிவிடாது, இனிமேல் செய்யாமல் இருப்பதும் எல்லா உயிர் மேலும் அன்பை வளர்ப்பதும்தான் வழி என்று சங்கூதுபவனை உவமையாக வைத்துச் சொன்ன சூத்திரத்தில் இருக்கிறது.

மகன் இராகுலனுக்குப் புத்தர் சொல்லிக் கொடுத்ததை இதற்குப் பயன்படுத்துங்கள். செய்வதற்கு முன்பு, செய்யும்போது, செய்த பின்பு என்று மூன்று முறை, இதனால் எனக்கோ பிறருக்கோ கேடு வருமா என்று பார்க்கச் சொன்னார். செய்த பின்புதான் தெரிந்தது என்றால் அறிவுள்ள ஒருவரிடம் மறைக்காமல் சொல்லிவிடு என்றார். ஆகவே நம்பிக்கையான ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். யாருடைய பணமோ பொருளோ உங்களிடம் இருந்தால் திருப்பிக் கொடுங்கள், ஒருவரைப் பற்றிப் பத்துப் பேரிடம் தவறாகச் சொல்லியிருந்தால் அந்தப் பத்துப் பேரையும் கூப்பிட்டு மாற்றிச் சொல்லுங்கள்.